பூட்டியிருந்ததாக எழுதிய வீடுகள்

காலை எட்டு மணிக்கு ஜோசியர் பட்டியலை அனுப்பிவிடுவார். எட்டு என்றால் எட்டுதான். ஒரு நாள் பிந்தியதில்லை, லீவு போட்டதில்லை, தலைவலி என்று சாக்குச் சொன்னதில்லை. சுகாதார நிலையத்தின் பின்னறையில் ஊசியக்கா குளிர்ப்பெட்டியின் மூடியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையிலிருந்த அலுவலக போனைப் பார்த்தாள். பெட்டிக்குள்ளிருந்து வெள்ளையாக எழுந்த குளிர் அவள் முகத்தில் பட்டுக் கலைந்தது. ஜன்னலுக்கு வெளியேயும் அதே வெள்ளைதான். மூன்று நாளாகப் பனிமூட்டம் தெருக்களை விட்டுப் போகவே இல்லை. திரையில் அவளுடைய பகுதியின் வரைபடம் விரிந்தது. தெருக்கள் கோடுகளாக, வீடுகள் புள்ளிகளாக. ஏறக்குறைய எல்லாமே பச்சைப் புள்ளிகள்.

ஜோசியர் என்பது ஆள் இல்லை. பத்து வருடத்துத் தடுப்பூசிப் பதிவுகளை எல்லாம் படித்து முடித்துவிட்டு, எந்த வீட்டில் பிள்ளையை ஊசிக்குக் கூட்டி வருவார்கள், எந்த வீட்டில் டிமிக்கி கொடுப்பார்கள் என்று கணித்துச் சொல்லும் ஒரு கணினி நிரல். ஆறு மாதத்துக்கு முன்னால் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தது. அதற்கு வாயில் நுழையாத நீளத்தில் ஒரு பெயர் இருந்தது. மருந்துக் குப்பிகளைக் காவல் காக்கும் குளிர்ப்பெட்டிக்காரர் முதல் நாளே அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஜோசியர் என்று பெயர் வைத்துவிட்டார். ஒவ்வொரு வீட்டுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று ஜோசியர் ஒரு எண் கொடுப்பார். எழுபதுக்கு மேல் என்றால் பச்சை. அவர்களே வருவார்கள், குறுஞ்செய்தி போதும். நடுவில் இருந்தால் மஞ்சள். போனில் பேச வேண்டும். முப்பதுக்குக் கீழே சிவப்பு. வீட்டுக்கே போய் உட்கார்ந்து பேச வேண்டும். நடக்கிற நடை எல்லாம் போனில் பதிவாகும் என்பதால் பச்சை வீட்டுப் பக்கம் சும்மா எட்டிப் பார்க்கவும் வழியில்லை.

“இன்னிக்கு என்னக்கா சொல்றாரு நம்ம ஜோசியர்?” என்றார் குளிர்ப்பெட்டிக்காரர். அவருக்கு அவளைவிட வயது அதிகம். ஆனாலும் அந்தப் பகுதியில் அவள் எல்லாருக்கும் அக்காதான்.

“எல்லாம் பச்சை.”

“நம்ம ஏரியா ஜனங்க அவ்வளவு தங்கமானவங்களா? எனக்கே நம்ப முடியல.”

அவள் சிரித்துவைத்தாள். வழக்கம்போல அவள் விரல் வரைபடத்தின் கடைசித் தெருவுக்குத் தானாகப் போனது. மூன்றாம் மாடி, வலதுபக்க வீடு. தொண்ணூற்றொன்று. பளிச்சென்று பச்சை. அது அவள் தங்கையின் வீடு. பதினோரு மாதக் கைக்குழந்தை இருக்கிறது. ஒன்பதாம் மாதம் போட்டிருக்க வேண்டிய தட்டம்மை ஊசி இன்னும் போடவில்லை. அதே தெருவில் இந்த வாரம் இரண்டு பிள்ளைகளுக்குத் தட்டம்மை கண்டிருந்தது. அது தெரிந்தும் ஊசியக்காவுக்கு, இன்றைக்கும் அங்கே போக வேண்டாம் என்று ஜோசியரே சொல்லிவிட்டார் என்ற ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்து அவளுக்கு அவள் மீதே அருவருப்பாக இருந்தது.

பதினோரு மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து இறங்கினாள். வயது இருபத்தைந்து இருக்கலாம். கண்ணாடியை நெற்றிக்கு மேலே தலைமுடியில் சொருகிவிட்டு, எங்கே வைத்தோம் என்று பையில் தேடிக்கொண்டிருந்தாள். நிரலை எழுதியவள் அவள்தான் என்று தெரிந்ததும் குளிர்ப்பெட்டிக்காரர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். “ஜோசியரைப் பெத்த மகராசி வந்திருக்காங்க, டீ சொல்லுங்கப்பா” என்றார். அவள் சிரிக்கவில்லை. மடிக்கணினியைத் திறந்து ஊசியக்காவின் பக்கம் திருப்பினாள்.

“எல்லா ஏரியாலயும் சரியா சொல்லுதுக்கா. உங்க ஏரியாவுல மட்டும் உதைக்குது. வருவாங்கன்னு நூறு வீட்டைக் காட்டுனா நாப்பது பேர் வரல. ஆறு மாசமா எங்க தப்புன்னு தேடித் தேடி எனக்குத் தூக்கமே போச்சு. கணக்கெல்லாம் சரியாத்தான் இருக்கு. அதான் நேர்லயே வந்துட்டேன்.”

ஊசியக்கா திரையைப் பார்த்தாள். அவள் கைப்படப் பதிந்த எட்டு வருடம் அங்கே வரிசையாக நின்றது. வீடு பூட்டியிருந்தது. வீடு பூட்டியிருந்தது. வீடு பூட்டியிருந்தது.

“வேலைக்குப் போற குடும்பங்க ஜாஸ்தி போல” என்றாள் அந்தப் பெண். “மத்த ஏரியாவுல பூட்டின வீட்டுக்காரங்க அடுத்த லீவு நாள்ல கண்டிப்பா வந்துடறாங்க. அதைப் பாத்துதான் இதுங்களையும் வருவாங்கன்னு சொல்லுது.”

பூட்டின வீடு எப்படி இருக்கும் என்று ஊசியக்காவுக்குத் தெரியும். உண்மையாகவே பூட்டின வீட்டுக்கு ஒரு மந்தமான அமைதி உண்டு. அவள் பூட்டியிருந்ததாக எழுதிய வீடுகளில் அப்படி இருக்காது. உள்ளே குழாய் சொட்டும். அவள் தட்டியதும் பாட்டு நின்றுபோகும். யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பது கதவின் மரத்திலேயே தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு வீட்டில் ஒருத்தி கதவைத் திறந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மறுத்தார் என்று எழுதினால் கடிதம் வரும், பின்னாலேயே அதிகாரிகள் இரண்டு பேர் வருவார்கள், மாடி மாடியாக ஆட்கள் எட்டிப் பார்க்கக் கையெழுத்துக் கேட்பார்கள். எழுதாதீங்கக்கா, எனக்குப் பயமா இருக்கு, அவ்வளவுதான் என்றாள். ஊசியக்கா எழுதவில்லை. வீடு பூட்டியிருந்தது என்று ஒரு தொடு தொட்டுவிட்டு அடுத்த வாரம் தானாகவே போனாள். அதற்கடுத்த வாரமும் போனாள். நாலாவது வாரம் அழுதவளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதுமுதல் அதுவே ஊசியக்காவின் வழி ஆகிவிட்டது. மறுத்தவர்களை எல்லாம் பூட்டிய வீடாக எழுதிவிட்டு, யாருக்கும் தெரியாமல் திரும்பத் திரும்பப் போய்க் கதவைத் தட்டுவது. பாதிக்கு மேல் திறந்தார்கள். ஜோசியர் வந்து அவள் கால்களுக்குப் பட்டியல் போட்ட பிறகு அந்தப் போக்குவரத்து நின்றுபோயிற்று. எழுதியது மட்டும் தங்கிவிட்டது.

“அந்த வீடுங்க பூட்டல” என்றாள் ஊசியக்கா.

சொன்ன பிறகு மடை திறந்த மாதிரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் கண்ணாடியை இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டு திரையிலிருந்த வரிகளை மறுபடி ஒவ்வொன்றாகப் படித்தாள். வேலை போய்விடும் என்றே ஊசியக்கா நினைத்தாள்.

“இப்பல்லாம் மறுப்புன்னா கடுதாசி போகாதுக்கா. அதிகாரியும் போக மாட்டாங்க. நீங்க போயிட்டு இருந்தீங்களே, அதே மாதிரி பேசறதுக்கு ஒரு ஆள் போவாங்க. அதுக்காகத்தான் நான் இதைச் செஞ்சதே. சுற்றறிக்கை அனுப்பினோமே.”

“ஐஸ் பெட்டி மேல ஒட்டி வச்சேன்மா” என்றார் குளிர்ப்பெட்டிக்காரர். “ஈரத்துல எழுத்தெல்லாம் ஊறிப் போச்சு. நல்ல சேதியா இருந்திருக்கும் போல.”

ஊசியக்கா சிரிக்கப் போய்ப் பாதியில் நிறுத்தினாள். யாரைக் காப்பாற்றுவதாக நினைத்து எழுதினாளோ அவர்கள் வீட்டுக்குத்தான் ஆறு மாதமாக யாரும் போகவில்லை.

மதியம் முழுக்க இருவரும் பதிவறையில் உட்கார்ந்தார்கள். ஜன்னல் கண்ணாடியில் பனி அப்பிக்கொண்டு வெளிச்சத்தைப் பாலாக்கி உள்ளே அனுப்பியது. எந்தெந்த வீடு என்று நினைவிருக்கிறதா என்று அந்தப் பெண் கேட்டாள். ஊசியக்கா கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணை மூடினால்தான் அவளுக்குத் தெருக்கள் தெரிந்தன. காலில் செருப்பு மாட்டிக்கொண்ட மாதிரியே இருந்தது. முதல் தெருவின் ஈரக் கல்லில் காலை வைத்து, தையல்கடையைத் தாண்டி, கைப்பிடி ஆடும் படிக்கட்டில் ஏறினாள். “நீலக் கதவு. மறுப்பு. அந்தப் பொண்ணுக்குச் சம்மதம், மாமியாருக்கு இல்ல.” விசைப்பலகை பக்கத்தில் மெல்ல மழைபோல் பெய்தது. “அடுத்தது ரெண்டு பூட்டு போட்ட கதவு. அது நிஜமாவே பூட்டு. அதை விட்டுடுங்க. எதிர்ல நாய் இருக்கிற வீடு. மறுப்பு. அவருக்கு ஊசின்னாலே மயக்கம் வரும். பிள்ளைய கூட்டிட்டு வரணும்னா அவரும் வந்து நிக்கணுமே, அந்த வெக்கம்.” அவள் நடந்துகொண்டே இருந்தாள். கதவுகள் ஒவ்வொன்றாகப் பனிக்குள்ளிருந்து வந்து முன்னால் நின்று, சொல்லப்பட்டதும் விலகின. எட்டு வருடமாக அவளுக்குள் அடைந்து கிடந்தவர்கள் எல்லாரும் மூச்சை விட்டுவிட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. இவ்வளவு பேரைத் தூக்கிக்கொண்டா இத்தனை நாள் நடந்தோம் என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

கடைசித் தெருவுக்கு வந்தபோது அவள் நடை தளர்ந்தது. மூன்றாம் மாடி ஏறினாள். வலதுபக்கக் கதவு.

“இது? மூணு தடவை பூட்டுன்னு இருக்கு” என்றது பக்கத்துக் குரல்.

நாலு வருடமாக அவளுக்கு இரண்டு தங்கைகள். ஒருத்தி, சாதாரண உடையில் போனால் வாசலுக்கு ஓடி வந்து கட்டிக்கொள்பவள். அக்காவின் நரையைப் பிடுங்கிவிட்டு, அம்மாவைப் பற்றிப் புறணி பேசி, சாப்பிடாமல் விடமாட்டாள். இன்னொருத்தி, நீலக் கோட்டும் தோளில் பெட்டியுமாகப் போனால் கதவைத் திறக்காதவள். இரண்டு பேரும் ஒரே ஆள் என்பதை அக்காவும் தங்கையும் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. மூத்த பெண் குழந்தைக்கு ஒன்றரை வயது ஊசியை ஊசியக்காதான் போட்டாள். அன்று சாயங்காலம் காய்ச்சல் ஏறி, குழந்தைக்கு வலிப்பு வந்துவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை, சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலில் இப்படி வரும், வந்த சுவடு தெரியாமல் போய்விடும் என்று டாக்டர் சொன்னார். அப்படியே போய்விட்டது. அந்தக் குழந்தை இப்போது ஐந்தரை வயதில் நாளெல்லாம் பாடித் தொலைக்கிறது. ஆனால் அந்தச் சாயங்காலம் தங்கை அக்காவைப் பதினேழு தடவை போனில் கூப்பிட்டிருந்தாள். ஊசி போடுகிறவள் கை நடுங்கக் கூடாது என்பதால் வேலை நேரத்தில் ஊசியக்கா தன் போனைச் சத்தமில்லாமல் ஆக்கிப் பையின் அடியில் போட்டுவிடுவாள். வேறொரு முகாமில் நூற்றுச் சொச்சம் பிள்ளைகளுக்குப் போட்டு முடித்து அவள் போனை எடுத்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

“அக்கா?” என்றாள் பக்கத்திலிருந்த பெண்.

“அது பூட்டித்தான் இருந்துச்சு” என்றாள் ஊசியக்கா. கண்ணைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஜோசியர் புதுப் பட்டியலை அனுப்பினார். இரவெல்லாம் உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்பப் படித்திருப்பார் போலும். வரைபடம் மாறிவிட்டிருந்தது. சிவப்பும் மஞ்சளுமாகத் தெருக்கள் விழித்துக்கொண்டிருந்தன. “இப்பதான் நம்ம ஏரியா மாதிரி இருக்கு” என்றார் குளிர்ப்பெட்டிக்காரர் திருப்தியாக. ஊசியக்கா கடைசித் தெருவைப் பார்த்தாள். சுற்றிலும் சிவப்பு. நடுவில் ஒற்றைப் பச்சை. தொண்ணூற்றொன்று இருந்த இடத்தில் தொண்ணூற்று நான்கு. சொன்ன பொய்யை நம்பி, இன்னும் மூன்று புள்ளி கூட்டிப் போட்டிருந்தார். அவர் மீது அவளுக்குக் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது. கையில் கொடுத்ததை அப்படியே நம்புகிற பிள்ளையை ஏமாற்றிவிட்ட கூச்சம் வந்தது. தெருவில் மூன்றாவது பிள்ளைக்கும் தட்டம்மை கண்டிருப்பதாகப் பட்டியலின் அடியில் ஒரு வரி இருந்தது.

அவள் பெட்டியில் ஐஸை அடுக்கி, ஒரு குப்பியை வைத்து மூடினாள். நீலக் கோட்டை மாட்டினாள்.

“பட்டியல்ல முதல் தெருதானே போட்டிருக்கு?” என்றார் குளிர்ப்பெட்டிக்காரர்.

“ஒரு வீடு விட்டுப் போச்சு. நடக்கிறது பதிவாகட்டும், பரவால்ல.”

பனி அன்று இன்னும் அடர்த்தியாக இருந்தது. எதிரே வருகிறவர்கள் முதலில் செருப்புச் சத்தமாக வந்து, பிறகு உருவமாகி, பிறகு இல்லாமல் போனார்கள். நேற்றுக் கண்ணை மூடி நடந்த தெருவில் இன்று கண்ணைத் திறந்து நடக்கிறோமா, அல்லது இன்னும் அந்த நாற்காலியில்தான் இருக்கிறோமா என்று அவளுக்கு ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. பெட்டிக்குள் ஐஸ் நகர்ந்து இடுப்பில் சில்லென்று இடித்தபோது சந்தேகம் தெளிந்தது. மூன்றாம் மாடி ஏறும்போதே பாட்டுக் கேட்டது. மூத்தவள் தானே இட்டுக்கட்டிய ஏதோ ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தாள். ஊசியக்கா கதவைத் தட்டினாள். பாட்டு நின்றது. குழாய் சொட்டியது.

அவள் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் படியில், கதவை ஒட்டி உட்கார்ந்தாள்.

“பூட்டியிருக்குன்னு நான் இனி எழுதப் போறதில்ல” என்றாள் கதவைப் பார்த்து.

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மெல்லத் தரையில் உட்காரும் சத்தம் மட்டும் வந்தது. குழந்தையின் கால் கொலுசோ கிலுகிலுப்பையோ ஏதோ ஒன்று தரையில் உரசியது.

“அப்ப என்ன எழுதுவ?” தங்கையின் குரல் பக்கத்தில், அவள் தோளுக்கு நேராக வந்தது.

“மறுத்துட்டாங்கன்னு.”

“உங்க மிஷின் காரணம் கேக்குமா?”

“கேக்கும். பதினோரு காரணம் இருக்கு. ஒண்ணைத் தொடணும்.”

“படி.”

ஊசியக்கா அலுவலக போனை எடுத்தாள். பக்கவிளைவு பயம், என்று படித்தாள். “பயம்தான். ஆனா டாக்டர் சொன்னது எனக்குப் புரிஞ்சுது. அது இல்ல.” வீட்டில் பெரியவர்கள் சம்மதிக்கவில்லை. “ஹும். இங்க யாரு பெரியவங்க? அடுத்தது.” நேரமில்லை. மருந்தின் மேல் நம்பிக்கை இல்லை. தூரம். முந்தைய மோசமான அனுபவம். அதற்கு மட்டும் உள்ளிருந்து ஒரு நகம் கதவை மெல்லக் கீறியது. பிறகு, “அதுவும் முழுசா இல்ல” என்றாள் தங்கை. ஊசியக்கா ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தாள். குரல் உடைந்துவிடக் கூடாதே என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒரே சீராகப் படித்தாள். கடைசியாக, மற்றவை.

“அதுல எழுத இடம் இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப எழுது. அன்னிக்கு அக்கா போனை எடுக்கல.”

படிக்கட்டு ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்து கைப்பிடியில் ஈரமாகப் படிந்துகொண்டிருந்தது. ஊசியக்கா எழுதினாள். அன்னிக்கு அக்கா போனை எடுக்கல. எழுத்துக்கள் கலங்கின, துடைத்துக்கொண்டு திரும்பப் படித்துப் பார்த்தாள். ஒரு பிழையும் இல்லை. இதை ஜோசியர் என்ன செய்வார், எந்தக் கணக்கில் சேர்ப்பார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அனுப்பு என்பதைத் தொட்டாள்.

“எழுதிட்டேன். அனுப்பிட்டேன்.”

“குழந்தை நீலம் பாரிச்சுப் போச்சுக்கா. கண்ணு மேல போயிடுச்சு. நான் ஒத்தையா இருந்தேன்.”

“தெரியும்.”

“உனக்குத் தெரியாது.”

“ஆமா. எனக்குத் தெரியாது” என்றாள் ஊசியக்கா. நாலு வருடத்தில் அவள் அதை முதன்முறையாகச் சொன்னாள்.

கதவின் இந்தப் பக்கத்து முதுகும் அந்தப் பக்கத்து முதுகும் ஒரே பலகையில் சாய்ந்திருந்தன. கீழே யாரோ படியேறி, இரண்டாம் மாடியோடு நின்று, உள்ளே போய்விட்டார்கள்.

“இந்த ஊசிக்கும் காய்ச்சல் வருமா?”

“வரலாம். அன்னிக்கே வராது. ஒரு வாரம், பத்து நாள் கழிச்சுக்கூட வரலாம்.”

“வந்தா?”

ஊசியக்கா பையின் அடியில் கையை விட்டுத் தன் சொந்த போனைத் தேடி எடுத்தாள். பக்கத்திலிருக்கும் பொத்தானை அழுத்தினாள். எட்டு வருடப் பழக்கம், விரல் தயங்கியது. சத்தத்தை ஒவ்வொரு படியாக ஏற்றிக் கடைசிவரை கொண்டுபோனாள். ஒவ்வொரு படிக்கும் அது ஒரு மணியைச் சின்னதாக அடித்துக் காட்டியது. படிக்கட்டு முழுவதும் அது கேட்டது. போனைப் படியில், கதவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

உள்ளே துணி சரசரத்தது. யாரோ எழுந்து போய்த் திரும்பி வந்து, மறுபடியும் அதே இடத்தில் உட்கார்ந்தார்கள்.

படியில் கிடந்த போன் வீறிட்டு அடித்தது. மாடி மாடியாக எதிரொலித்தது. திரையில் தங்கையின் பெயர்.

ஊசியக்கா முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டாள். தங்கை போனைக் குழந்தையின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்திருக்க வேண்டும். ஈரம் கலந்த அந்தச் சின்ன மூச்சு கதவு வழியாக ஒரு தரமும், ஒரு நொடி பிந்திக் காதுக்குள் இன்னொரு தரமும் கேட்டுக்கொண்டிருந்தது.